ஷெங்கன் எல்லையில் உங்களுக்கு என்ன நடந்தது?

கரூர் டவல்காரன்:

ஷெங்கன் என்றால், ஒரே விசாவில், பொதுவாக நடுவே எல்லைச் சோதனை இல்லாமல் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சி என்றால் கரூரில் தெருவுக்கு ஒருவர் கிளம்புவார். 2024ல் நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றதும் ஒரு ஏஜென்ட், "எந்த நாட்டுல போட்டா என்னங்க, விசா எல்லாத்துக்கும் ஒண்ணுதானே" என்று வேறொரு நாட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். விசா ஒன்றுதான். ஆனால் எதற்காகப் போகிறோமோ, எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். என் பேப்பரெல்லாம் பிராங்க்பர்ட் என்கிறது, விண்ணப்பம் வேறு திசையைப் பார்க்கிறது. பயண நோக்கம் நம்பும்படி இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துத் திருப்பிவிட்டார்கள். 80 யூரோ போனது. ஸ்டாலுக்குக் கட்டிய பணத்தைச் சொன்னால் வீட்டில் மறுபடியும் சண்டை வரும்.

அடுத்த வருசம் ஜெர்மனிக்கே போட்டேன். கட்டணம் 90 யூரோ ஆகியிருந்தது, விசா கிடைத்தது. கண்காட்சி முடிந்து ஆகன் வழியாகக் காரில் பெல்ஜியம் போனோம். எல்லை வரும் வரும் என்று பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். நட்சத்திரம் போட்ட நீலப் பலகை ஒன்று ஓடி மறைந்தது, அவ்வளவுதான். வாளையார் செக்போஸ்ட்டில் ராத்திரி முழுக்க லோடு வண்டியோடு நின்றவன் நான். நமக்கு அந்த வரிசை 2017ல் ஜிஎஸ்டி வந்துதான் ஒழிந்தது. இவர்கள் 1985லேயே லக்சம்பர்க்கில் ஷெங்கன் என்ற கிராமத்தில், ஆற்றுப் படகில் வைத்து ஐந்து நாடுகளாகக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லைச் சோதனையை நீக்கவே 1995 ஆனது. இப்போது 29 நாடுகள்.

போய் வந்தவர்கள் எழுதுங்கள்.

ஈரோடு டு மியூனிக்:

அண்ணா, நீங்கள் ஜெர்மனியிலிருந்து வெளியே போனீர்கள், அதனால் யாரும் கேட்கவில்லை. திரும்பி உள்ளே வந்திருந்தால் மறித்திருக்கலாம். 2024 செப்டம்பர் 16லிருந்து எல்லாத் தரை எல்லைகளிலும் ஜெர்மன் போலீஸ் நிற்கிறது.

நான் மாட்டியது ஆஸ்திரியா பக்கம். ஞாயிற்றுக்கிழமை சால்ஸ்பர்க் சுற்றிவிட்டு ரயிலில் மியூனிக் திரும்புகிறேன். எல்லை தாண்டி முதல் ஸ்டேஷன் பிரைலாசிங். இரண்டு போலீஸ் ஏறினார்கள். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் ஹாஸ்டல் அலமாரியில். போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். போட்டோ செல்லாது என்று இறக்கிவிட்டார்கள். கைரேகை எடுத்து, கம்ப்யூட்டரில் தேடி, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பாதையில் சோதனை 2015ல் அகதிகள் பெருமளவில் வந்தபோது ஆரம்பித்தது. 'தற்காலிகம்' என்று சொல்லிச் சொல்லி நீட்டிக்கிறார்கள். நம்ம ஊர் தற்காலிகப் பேருந்து நிலையம் மாதிரி.

கோபி வாத்தியார்:

எங்களை யாரும் மறிக்கவில்லை. கணக்குதான் மறித்தது.

மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள். பிரசவத்துக்காக 2025 ஜனவரி 10 போய் மார்ச் 30 திரும்பினோம். சரியாக 80 நாள். பேரனைப் பார்க்க ஜூன் 1க்கு மறுபடி டிக்கெட் போட்டாயிற்று. அரையாண்டுக்கு 90 நாள், அடுத்த அரையாண்டுக்கு இன்னொரு 90 என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு போட்டிருந்தேன். மாப்பிள்ளை போனில் சொன்னார்: "மாமா, அப்படி இல்லைங்க. அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும் நின்று, பின்னாடி 180 நாளைத் திரும்பிப் பார்க்கணும். அதுக்குள்ள 90 நாளைத் தாண்டக் கூடாது." அப்படிப் பார்த்தால் ஜூன் 1க்கு எங்களிடம் பாக்கி பத்தே நாள். ஜூலை 9 வந்தால்தான் அந்த ஜனவரி 10 கணக்கிலிருந்து உதிரும். அதன்பின் தினமும் பழைய நாள் ஒன்று கழியும், புது நாள் ஒன்று கூடும். முப்பத்திரண்டு வருசம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு மாப்பிள்ளை பாடம் எடுத்தார். டிக்கெட்டை மாற்றினோம்.

குரோஷியாவில் போய் நாளைக் கடத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 ஜனவரி 1லிருந்து அதுவும் ஷெங்கனுக்குள்ளே. 2025 அக்டோபர் 12லிருந்து முத்திரைக்குப் பதிலாக முகமும் கைரேகையும் பதியத் தொடங்கிவிட்டார்கள். அழிந்துபோன முத்திரையைக் காட்டிச் சமாளிப்பதெல்லாம் இனி நடக்காது.

நாமக்கல் ஸ்டியரிங்:

நான் லித்துவேனியா கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டினேன். பெர்மிட் கொடுத்த நாட்டில்தான் வேலை. ஜெர்மனியில் சம்பளம் அதிகம் என்று அங்கேயே நின்றுவிட்ட ஒருவன் பிடிபட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். அது இருக்கட்டும்.

2023ல் பிரான்சில் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறும் கலே துறைமுகத்துக்கு லோடு. எனக்கு பிரிட்டன் விசா இல்லை, யார்டில் டிரெய்லரைக் கழற்றிவிட்டால் என் வேலை முடிந்தது. ராத்திரி நெடுஞ்சாலை பார்க்கிங்கில் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் தார்ப்பாயில் கயிறு ஓடும் இடத்தில் ஒரு கிழிசல். நாமக்கல்லில் கயிறு கட்டிப் பழகிய கைக்கு அது உடனே தெரிந்துவிடும். உள்ளே பெட்டிகளுக்கு நடுவே மூன்று பையன்கள். ஒருவனுக்கு மீசைகூட சரியாக முளைக்கவில்லை.

அவர்கள் அப்படியே பிரிட்டன் வரை போயிருந்தால், தலைக்கு 10,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம் என்று அந்த வருசம்தான் பிரிட்டன் சட்டத்தை ஏற்றியிருந்தது. டிரைவருக்கும் முதலாளிக்கும் தனித்தனியாக. ஆபீசுக்குப் போன் போட்டேன், அவர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். வரும்வரை நாற்பது நிமிசம். என் லாரி ஹிந்தியும் அந்தப் பையனின் உருதுவும் ஒட்டிக்கொண்டன. ஆப்கானிஸ்தான். பல்கேரியாவில் பிடித்துக் கைரேகை வாங்கிவிட்டார்களாம். பொதுவாக முதலில் நுழைந்த நாடுதான் அடைக்கல மனுவை விசாரிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அப்போதைய டப்ளின் விதி. பிரான்ஸ் போனாலும் ஜெர்மனி போனாலும் அந்த ரேகை பல்கேரியாவைத்தான் காட்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதால் அங்கே அந்த விதி செல்லாது, அதற்காகத்தான் கடல் தாண்டுகிறோம் என்றான். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

பிளாஸ்கில் இருந்த டீயைக் கொடுத்தேன். போலீஸ் வண்டியில் ஏறும்போது டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். அவன் பேரைக் கேட்டு வைக்கவில்லை.

கரூர் டவல்காரன்:

இதைப் படித்தபின் என் 80 யூரோ கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, தம்பி.

வாத்தியாரய்யா, ஒரு உதவி. இரண்டு விசாவை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருட விசா என்று 2024 ஏப்ரலில் விதி வந்ததல்லவா, அதில் எனக்கும் கிடைத்துவிட்டது. ஜனவரியில் 9 நாள், ஏப்ரலில் 25, மே-ஜூனில் 40. மொத்தம் 74, இன்னும் 16 மிச்சம். சரிதானுங்களா?

கோபி வாத்தியார்:

இறங்கிய நாளையும் ஏறிய நாளையும் சேர்த்தீர்களா?

கரூர் டவல்காரன்:

இல்லைங்க.

கோபி வாத்தியார்:

மூன்று பயணத்துக்கு ஆறு நாள் கூட்டுங்கள். மிச்சம் பத்துதான்.