பால்புதுமைப் பெற்றோரை எழுதும் நாவல்கள்: குறையற்றவர்களாகத்தான் காட்ட வேண்டுமா?

செந்தூல் வாசகி:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்து இரண்டு நாவல்களைச் சேர்த்துப் பேசவிருக்கிறோம். ஒன்று, 2017இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அருந்ததி ராயின் 'பெருமகிழ்வின் பேரவை'. மற்றொன்று, டோரி பீட்டர்ஸ் எழுதி 2021இல் வந்த 'டீடிரான்சிஷன், பேபி'. முன்னதில், பழைய டில்லியில் திருநங்கைகள் கூடி வாழும் வீட்டில் அஞ்சும் ஒரு பெண்குழந்தையை வளர்க்கிறாள். பின்னதில், தாய்மைக்கு ஏங்கும் ரீஸ் என்ற திருநங்கை, பெண்ணாக வாழ்ந்துவிட்டு மீண்டும் ஆணாக வாழும் அவளுடைய முன்னாள் துணை, அவரால் கருவுற்ற பெண் ஆகிய மூவரும் பிள்ளையைச் சேர்ந்தே வளர்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். திருநங்கையர், தன்பாலின ஈர்ப்புடையோர் போன்ற பால்புதுமைப் பெற்றோரைத் தியாகச் சுடர்களாகக் காட்டினால்தான் வாசகர் ஏற்பார் என்ற அச்சத்தை அண்மையில் வாசித்த சில சிறுகதைகளில் கண்டேன். உங்கள் கருத்து என்ன?

ஆயர் ஈத்தாம் வாசகர்:
அஞ்சுமையே பாருங்கள், சகோதரி. ஜும்மா மசூதிப் படிகளில் தனித்து நின்ற ஜைனபை அவள் அள்ளிக்கொண்டு வருவதோடு ராய் நிறுத்திக்கொள்ளவில்லை. அதே வீட்டிலுள்ள சயீதாவிடம் பிள்ளை ஒட்டிக்கொள்வதை அஞ்சுமால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனால், சயீதா ஏதோ சூனியம் வைத்துவிட்டாள் என்றே நினைக்கிறாள். 2002 குஜராத் வன்முறையில் சிக்கி மீண்டு வந்தபின், ஜைனபின் முடியைக் கத்தரித்து, ஆண்பிள்ளை உடை போட்டு, காயத்ரி மந்திரமும் சொல்லிக்கொடுக்கிறாள். கலவரக் கூட்டத்தின் கையில் அகப்பட்டால் பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற நடுக்கம் அது. பிள்ளையோ மிரண்டுபோகிறது. அந்தப் பக்கங்களில்தான் அஞ்சும் எனக்கு முழுத் தாயாகத் தெரிந்தாள்.

கிள்ளான் சாலை:
செந்தூல் அக்கா, இதை நம் மலேசியச் சூழலிலும் வைத்துப் பார்க்கலாம். வறுமையாலும், பெண்பிள்ளை வேண்டாம் என்ற எண்ணத்தாலும், பிறந்த நேரம் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த குழந்தைகளைத் தமிழர்கள் வளர்த்த வரலாறு மலாயாவில் உண்டு. என் பெரியம்மா அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர். பெற்றவள் பார்க்க வரும் நாள்களில் பாட்டி அடுப்படியை விட்டு வெளியே வரவே மாட்டாராம். அவள் கொண்டுவந்த பிஸ்கட் டின்னையும் திறக்க விடமாட்டாராம். நாங்களோ பாட்டியின் பெருந்தன்மையை மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். பாட்டியின் கதையையே அப்படிச் சுருக்கிவிட்ட நாம், திருநங்கைத் தாயின் கதையையும் அப்படித்தான் எதிர்பார்ப்போம்.

ஜார்ஜ்டவுன் நூலகம் பக்கம்:
ஒப்புமை நன்று. ஆனாலும் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. உங்கள் பாட்டி கோபித்துக்கொண்டதால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள யாரும் வரப்போவதில்லை. தன்பாலினத் தம்பதியர் சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மறுத்தது. நம் நாட்டிலும் அவர்களைத் தம்பதியராகச் சட்டம் ஏற்பதில்லை. ஒரு சுடுசொல்லே தகுதியின்மைக்குச் சான்றாகிவிடும் நிலையில், குறையற்ற பெற்றோரை எழுதுபவர்களை நான் எளிதில் குறைசொல்ல மாட்டேன். பீட்டர்ஸ், கருவுற்ற நாளுக்கு முன்னும் பின்னும் என்று காலத்தை எண்ணியே அத்தியாயங்களை அமைத்துவிட்டு, பிள்ளை பிறக்குமுன்பே நாவலை முடிக்கிறார். ரீஸின் பொறாமையையும் சுயநலத்தையும் அவ்வளவு துணிவாக எழுதியவர், அவள் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்து எழுதவில்லை. உங்கள் வட்டத்தில் இதை அவசியம் விவாதியுங்கள்.