ரிட்ரீவலுக்கு ‘மீட்பு’ வேண்டாமே

வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்களை ஆராயும் வானியலாளர் நிக்கு மதுசூதன் பற்றிய தமிழ்க் கட்டுரையில் ‘ரிட்ரீவல்’ (retrieval: கோளிலிருந்து வரும் ஒளியை வைத்து அதன் வளிமண்டலத்தில் என்ன இருக்கிறது என்று கணிக்கும் முறை) வரும் இடமெல்லாம் ‘வளிமண்டல மீட்பு’ என்று போடலாம் என யோசனை வந்திருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. மீட்பு என்றால் அடகு நகைதான் நினைவுக்கு வரும். வைத்த நகையே திரும்பி வரும். இங்கே யாரும் எதையும் வைக்கவில்லை.

அவர் செய்வது என்ன? கோள் தன் விண்மீனைக் கடக்கும்போது, அதன் விளிம்பிலுள்ள மெல்லிய காற்று வளையத்தை ஊடுருவி வரும் ஒளியில் சில அலைநீளங்கள் கொஞ்சம் கூடுதலாகக் குறையும், கைக்கு வருவது அவ்வளவுதான். அப்புறம் வெப்பநிலை இவ்வளவு, நீராவி இவ்வளவு, மீத்தேன் இவ்வளவு என்று லட்சக்கணக்கான வளிமண்டலங்களைக் கணினியில் கட்டிப் பார்த்து, எவையெல்லாம் அந்த ஒளியின் நிறமாலையோடு, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வந்தது என்ற பதிவோடு, பொருந்துகின்றன என்று சலித்தெடுக்க வேண்டும். வாரணாசியில் பி.டெக். முடித்து எம்.ஐ.டி. போனவர், அங்கே வானியலாளர் சாரா சீகரின் ஆய்வு மாணவராக இருந்தபோது இருவரும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட முறை இது. பிறகு கேம்பிரிட்ஜில் அவர் செய்த வேலைகளில் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது.

124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை வைத்து நீராவி என்றார்கள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவை மதுசூதன் குழு அலசியபோது தெளிவாக நின்றவை மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும், 1.4 மைக்ரான் பக்கம் நீராவியும் மீத்தேனும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒளியை உறிஞ்சுவதால் ஹபிளில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்ஃபைடு (பூமியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வரும் வாயு) போன்ற ஒன்றின் அறிகுறி தெரிகிறது என்று அதே குழு அறிவிக்க, அதே தரவைப் பார்த்த வேறு குழுக்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றன. இதற்கு ‘மீட்பு’ என்று எழுதினால், ஒரே பொருளை மீட்கப் போனவர்கள் எப்படி வேறுவேறு பொருளோடு வந்தார்கள் என்று வாசகர் குழம்புவார்.

என் பரிந்துரை ‘உய்த்தறிதல்’. முழுத் தொடராக ‘வளிமண்டல உய்த்தறிதல்’. நன்னூல் உத்திகளில் ‘உய்த்துணர வைப்பு’ இருக்கிறது, ஆகவே முழுக்கப் புதுச்சரக்கு இல்லை. ‘உய்த்துணர்வு’ பொதுவான இன்ஃபரன்சுக்கு ஏற்கெனவே புழங்குவதால் அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘தலைகீழ்க் கணிப்பு’ பொருளளவில் சரிதான், ஆனால் தலைப்பில் போட்டால் ஏதோ கணக்கு தப்பிவிட்டது போல் ஒலிக்கிறது.

கட்டுரையில் வரும் இன்னொரு சொல்லான ‘ஹைசியன்’ மதுசூதனே 2021-இல் ஹைட்ரஜனையும் ஓஷனையும் ஒட்டிச் செய்த பெயர். முதல்முறை வரும்போது ‘ஹைட்ரஜன் போர்த்திய கடலுலகம்’ என்று விளக்கிவிட்டு அப்படியே விடுங்கள். வினையாக வரும் இடங்களில் ‘உய்த்தறிந்தார்கள்’ இடறுகிறதா என்று யாராவது ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.