இல்லத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைக்கு யாரைத் துணையாகப் போடுவது?

மாந்தோப்பு:
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் பெண் பிள்ளைகள் இல்லத்தில் இல்லத்தாய் வேலை. 6 வயதிலிருந்து 17 வரை பிள்ளைகள் இருக்காங்க. புதுசா வர்ற பிள்ளைக்கு ஒரு பெரிய பிள்ளையைத் துணையாகப் போடுவது வழக்கம். கொஞ்ச நாளில் அந்தத் துணை லீடர் ஆகிடுது. சின்னவளைத் துணி துவைக்கச் சொல்றது, முட்டை போடுற நாளில் அவள் தட்டிலிருந்து எடுத்துக்கிறது என்று போகுது. கர்நாடக எல்லையோரம் தளி, அஞ்செட்டிப் பக்கமிருந்து வர்ற, வீட்டில் கன்னடம் பேசுற சில பிள்ளைகளுக்குத் தமிழும் சரளமாக வராது. பாயிலேயே சுருண்டு கிடக்கும். துணை போடுவதையே நிறுத்திடலாமா?

தகடூர்க்காரர்:
நிறுத்தாதீங்க மேடம். ஒருத்தியை மட்டும் போடுவதுதான் சிக்கல். ஒரு பிள்ளை கையில் இன்னொரு பிள்ளையை முழுசாக ஒப்படைத்த மாதிரி ஆகிடும், நடுவில் பார்க்க ஆள் இல்லை. இரண்டு பேரைப் போடுங்க. ஒருத்தி அதே வகுப்பு, இன்னொருத்தி இரண்டு வயசு பெரியவள். நாலு வயசுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். "நான் பார்த்துக்கிறேன்" என்று முந்திக்கொண்டு வர்ற பிள்ளையைவிட, சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவளுக்குத் தண்ணீர் தள்ளி வைக்கிற பிள்ளை நல்ல துணை. தானே வந்து இரண்டு மாதம் ஆகாத பிள்ளையை விட்டுடுங்க.

மூணு வாரம்தான் என்று முதல் நாளே தேதி சொல்லிடணும். முடிவு தெரியாத பொறுப்புதான் பதவியாக மாறுது. வேலையையும் திட்டமாகச் சொல்லுங்க: முதல் சாயங்காலம் குளியலறை, அவளுக்கான பக்கெட், ராத்திரி எந்த லைட் எரியும், நடுராத்திரி பாத்ரூம் போகணும்னா யாரை எழுப்பணும். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல்தான் பல பிள்ளைகள் படுக்கையை நனைச்சிட்டு, மறுநாள் கேலிக்கு ஆளாகுது. பள்ளி, டியூஷன் எல்லாம் மறுநாள் பார்த்துக்கலாம். "உன்னை ஏன் இங்கே விட்டாங்க?" என்ற கேள்வியை மட்டும் துணை கேட்கவே கூடாது.

துணி, தட்டு, பெட்டிச் சாவி மூணும் அவளவள் பொறுப்பு. முட்டையைப் பெரியவங்களே பரிமாறி, சாப்பிட்டு முடிக்கிற வரை அங்கேயே நில்லுங்க.

மொழி விஷயத்தில், இரண்டு துணையில் ஒருத்தியாவது அவள் மொழி பேசட்டும். கன்னடத்தில் பேசினால் அதட்டாதீங்க. அஞ்சாங்கல், பல்லாங்குழி, பாண்டி இதுக்கெல்லாம் பேச்சே தேவையில்லை. கல் பொறுக்கப் போகும்போதே பாதி ஒட்டிடும்.

ஓசூர் ஆற்றுப்படுத்துநர்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. துணையாக இருக்கிற பிள்ளையின் பாரத்தையும் பார்க்கணும். புதுப்பிள்ளை ராத்திரியில் எதையாவது சொல்லி, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கும். 13 வயசுப் பிள்ளை அதைத் தாங்காது. சொன்னால் நட்பு முறியும், சொல்லாவிட்டால் தூக்கம் போகும். அதனால் முதல் நாளே இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்து இல்லத்தின் விதியாகவே சொல்லிடுங்க: தன்னைக் காயப்படுத்திக்கிற எண்ணம், யாராவது தவறாகத் தொட்டது அல்லது அடித்தது, இங்கிருந்து ஓடிப்போகிற திட்டம், இந்த மூணையும் அன்றைக்கே பெரியவங்ககிட்டச் சொல்லணும். அப்போது துரோகம் செய்த பழி பிள்ளை மேல் விழாது. தொட்ட விஷயம் காதுக்கு வந்தால், போக்சோ சட்டம் 2012 பிரிவு 19-ன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. "முதலில் நாமே விசாரிப்போம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி யார் பென்சில் எடுத்தது, யார் சண்டை போட்டது என்று துணையிடம் துப்பு கேட்காதீங்க. ஒரு தடவை தெரிந்தாலும் அப்புறம் எந்தப் பிள்ளையும் அவளிடம் வாய் திறக்காது.

வாரம் ஒருமுறை 15 நிமிடம் துணையைத் தனியாக உட்காரவைத்து அவளைப் பற்றி மட்டும் கேளுங்க. தன் சாப்பாட்டைத் தூக்கிக் கொடுக்கிறாள், வீட்டுப்பாடம் தேங்குது, புதுப்பிள்ளை வேறொருத்தியோடு பேசினால் கோபம் வருது என்றால் மூணு வாரம்வரை காத்திருக்காமல் மாற்றிடுங்க.

லீடர் பதவிக்குப் பதிலாகக் குழந்தைகள் குழுவை நடத்துங்க. இளைஞர் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகள் 2016-ல் 6-10, 11-15, 16-18 வயது என்று பிள்ளைகள் மட்டுமே இருக்கிற மூணு குழு, மாதம் ஒரு கூட்டம், அதற்குப் பதிவேடு என்று இருக்கு. சக பிள்ளைகளோ பராமரிப்பாளரோ கொடுமை செய்தால் அதைச் சொல்வதும் அந்தக் குழுவின் வேலைதான். பிள்ளைகள் குறையை எழுதிப் போடுற ஆலோசனைப் பெட்டி அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் காலியாகவே கிடக்கும். படுக்கும் அறைப் பக்கம் மாட்டணும். சாவி இல்லத்தாயிடம் இருக்கக் கூடாது.

மாந்தோப்பு:
ரொம்ப நன்றிங்க. இன்னொன்று. ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிட்டால், அவள் தோழி இரண்டு நாள் சோறே தொடறதில்லை. கடிதம் போட விடலாமா?

அரூர் அக்கா:
பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும்போது பெட்டியைத் தூக்கி அனுப்புவதால்தான் இந்தப் பட்டினி. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு கைக்கு வந்ததுமே இரண்டு பேரிடமும் சொல்லிடணும். அழுவாங்கதான். அழட்டும்மா. கடைசிச் சாயங்காலம் சேர்ந்து பெட்டி அடுக்கட்டும், ஒருத்தி ரிப்பனையோ வளையலையோ இன்னொருத்திக்குக் கொடுக்கட்டும். தோழியின் பக்கத்துப் பாயில் அன்றைக்கே வேறு பிள்ளையைப் படுக்கவைக்காதீங்க. பேச்சுத்துணைக்கு அவளுக்குப் பிடித்த சமையலக்கா ஒருத்தர் இருந்தால் போதும்.

கடிதம் எழுதலாம். பிள்ளையை அனுப்புவதற்கு முன்னாடியே குடும்பத்திடமும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் பேசி, தொடர்ந்து வீட்டுக்குப் போய் அவளைப் பார்க்கிற சமூகப் பணியாளர் கையில் கொடுத்தனுப்புங்க. கடித உறையில் இல்லத்தின் பெயர் தெரிய வேண்டாம். ஊரில் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் பேச்சு. பிரியும் நாளில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது, இளைஞர் நீதிச் சட்டம் 2015 பிரிவு 74 அதைத் தடுக்குது. மேலே ஓசூர்க்காரர் சொன்ன மூணு விஷயத்தில் ஏதாவது பதில் கடிதத்தில் இருந்தால், அந்தக் கடிதத்தோடு அன்றைக்கே அலகுக்குப் போயிடுங்க. அவள் வீட்டில் மறுபடி அடி விழுகிறதா என்பது நமக்கு முன்னால் தோழிக்குத்தான் தெரிய வரும்.