மொனாக்கோ ஏற்றம் கேமில் அப்படியே இருக்கிறதா?

கொருக்குப்பேட்டை_கியர்:
ஃபார்முலா 1 கேமில் மொனாக்கோ ஓட்டுகிறேன். 3.337 கி.மீ. சுற்று, வளைவுகள் வரிசை மாறாமல் வருகின்றன. ஆனால் ரோட்டின் ஏற்ற இறக்கமும் நிஜத்தில் இருப்பதுபோல்தானா? 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு ரேஸை டிவியில் பார்த்ததிலிருந்து இந்தச் சந்தேகம். நேப்பியர் பாலம் நான் தினமும் பைக்கில் போகும் வழி. அங்கே ஏறி இறங்குவது உடம்புக்கே தெரியும். டிவியில் தட்டையாகக் கிடந்தது.

தண்டையார்பேட்டை_லெவல்:
சர்வே வேலையில் ரோட்டுக்கு லெவல் எடுக்கிறவன் நான். வளைவுகளை மேப் பார்த்தே வரைந்துவிடலாம், உயரம்தான் சிக்கல். நகர ரோட்டை மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாகப் போடுவார்கள். அப்புறம் ஒட்டுப்போட்ட தார், மேன்ஹோல் மூடி. தெரு ரேஸில் காரை அலைக்கழிப்பது இவைதான். போட்டோவை வைத்து வரைந்தால் இவை சரியாக வராது, லேசர் ஸ்கேன் வேண்டும். ஐரேசிங் என்ற கார் ரேஸ் கேமில் லாங் பீச் தெரு ட்ராக் அப்படி எடுத்தது. நல்ல ஸ்டீயரிங் வீல் இருந்தால் ரோட்டின் ஒவ்வொரு மேடும் கைக்கு வரும். எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம் சிகாகோ: 2021-இல் அதே கேமில் அந்த ஊர்த் தெரு ட்ராக்கை உருவாக்கி ஓட்டினார்கள், 2023-இல் அதே தெருக்களில் அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸ் நிஜமாகவே நடந்தது!

மொனாக்கோவில் கேசினோ சதுக்கம் தாண்டி மிராபோ வளைவுக்கு இறங்கும்போது டிரைவர்கள் காரைக் கொஞ்சம் ஒதுக்கி எடுப்பார்கள். அங்கே ஒரு மேடு இருக்கிறது. உங்கள் கேமில் அதன்மேல் நேராக விடுங்கள். கார் துள்ளவே இல்லையென்றால் அந்த இடத்தை வழவழவென்று இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

பெரம்பூர்_பிட்லேன்:
ட்ராக்கைக் குறை சொல்லும் முன் ஃபீல்ட் ஆஃப் வியூவை, அதாவது திரையில் எவ்வளவு அகலக் கோணம் காட்டுகிறது என்ற செட்டிங்கைப் பாருங்கள். அதை அகலமாக வைத்தால் ஏற்றமெல்லாம் அமுங்கிவிடும், சுவரும் தள்ளி இருப்பதுபோல் தெரியும். மொனாக்கோவில் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் சுமார் 42 மீட்டர் வித்தியாசம். அது கண்ணுக்குத் தெரியாமல் போவது பாதி இதனால்தான்.

கொருக்குப்பேட்டை_கியர்:
24 இன்ச் மானிட்டர், ரெண்டு அடி தள்ளி உட்காருகிறேன். எவ்வளவு வைக்கலாம்?

பெரம்பூர்_பிட்லேன்:
அளவுப்படி பக்கவாட்டில் கிட்டத்தட்ட 47 டிகிரி. ஆனால் அதில் பக்கத்தில் வரும் கார் தெரியாது. 60 வரை ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம். சில கேம்கள் மேல்-கீழ் கோணத்தைக் கேட்கும், அங்கே இந்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.