யி எழுத்து 40981 வரியின் தொடக்கத்தில் விழுகிறது

சீனாவின் சிச்சுவான் மாகாணத்து லியாங்ஷானில் பேசப்படும், யி எழுத்தில் எழுதப்படும் நுவோசு மொழி உரையை பிடிஎஃப் ஆக்குகிறோம். யூனிகோட் 40981 (தசம எண்) தனியாக அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. யூனிகோட் அதற்கு ‘யி அசை வூ’ என்று பெயர் வைத்துவிட்டது, இனி மாற்றவும் மாட்டார்கள். உண்மையில் அது அசையே இல்லை, முந்தைய அசையை இன்னொரு முறை படிக்கச் சொல்லும் குறி. அதனால்தான் யூனிகோடின் வரிமுறிப்பு அட்டவணையில் (எந்த எழுத்துக்கு முன், பின் வரி முறியலாம் என்று வகைப்படுத்தும் பட்டியல்) மற்ற யி அசைகளிலிருந்து பிரித்து, வரியைத் தொடங்கக் கூடாத வகையில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கருவியோ 40960 முதல் 42124 வரையுள்ள யி எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே வகையாக எடுத்துக்கொள்கிறது.

விண்டோஸ் 11, நோட்டோ சான்ஸ் யி எழுத்துரு. கோப்பு யுடிஎஃப்-8, பைட்டுகள் 234, 128, 149 சரியாகவே இருக்கின்றன. அதே உரை பிரவுசரில் ஒழுங்காக முறிகிறது, ஆக குறியாக்கத்தில் கோளாறு இல்லை.

குறிக்கு முன் யூனிகோட் 8288 (சொல் இணைப்பான்: அந்த இடத்தில் வரி முறியாமல் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து) செருகினோம்: முறிப்பு நின்றது, ஆனால் பிடிஎஃப்பில் தேடினால் சொல் சிக்கவில்லை. எழுத்துருவை மைக்ரோசாஃப்ட் யி பைட்டி ஆக்கியும் பலனில்லை, அது எழுத்துருவின் வேலையும் அல்ல. குறிக்குப் பதில் முந்தைய அசையையே இரட்டித்தால் மூலப்பாடம் கெடும்.

உரையில் எதையும் செருகாமல், 40981-க்கான வரிமுறிப்பு வகையை மதிக்கும் திறந்த மூல பிடிஎஃப் கருவி எது?