டார்கெட் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

அரிசிலாறு, கும்பகோணம்:
டெக்சாஸில் வேலை, இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். அங்கே ட்ராப் (பறக்கும் மண் தட்டைச் சுடும் விளையாட்டு) சுடுவதற்கான 12 போர் (குழல் அளவு) தோட்டாக்களை நானேதான் நிரப்பிக்கொள்கிறேன். அங்கு அது கடையில் சாமான் வாங்கிச் செய்யும் பொழுதுபோக்கு. நம்ம ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தம்பிகள் விவரம் தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் வேகத்தையும் விலையையும்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். மருந்து பற்றி யார் கேட்டாலும், "எவ்வளவு ஈயம் போடப் போகிறாய்?" என்று திருப்பிக் கேட்பார். அதுதான் சரியான கேள்வி. ஈய ரவையின் (சிறு குண்டுகளின்) எடை குறைவாக இருந்தால் சட்டென்று எரியும் மருந்து வேண்டும். கூடினால் நிதானமாக எரிவது வேண்டும். மருந்து முழுசாக எரிய அழுத்தம் சேர வேண்டும். எதிரே பாரம் குறைவாக இருந்தால் நிதான மருந்துக்கு அந்த அழுத்தம் கிடைக்காது. 'டொப்'பென்று மொட்டையாகச் சத்தம் வரும், குழலுக்குள் எரியாத துணுக்குகள் கிடக்கும். சில சமயம் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் தக்கை குழலிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அப்படி ஒரு சத்தம் கேட்டால் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மறு சூடு.

மாறாக, கனமான ஈயத்துக்குச் சட்டென்று எரியும் மருந்தைப் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். அதனால் கூடு, கேப்பு (மருந்தைப் பற்றவைப்பது), தக்கை, ஈயம், மருந்து ஐந்தையும் மருந்து தயாரிப்பவர் அச்சிட்ட அட்டவணைப்படி ஒரே சேர்க்கையாகத்தான் எடுக்க வேண்டும். கேப்பை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றினாலே அழுத்தம் மாறும். இதில் கைப்பக்குவம் செல்லாது.

நான் வைத்திருப்பது ரெட் டாட் என்ற மருந்து. சாம்பல் நிறத் துணுக்குகளுக்கு நடுவே சிவப்புத் துணுக்குகள் தெரியும். 

வெண்ணாறு, திருவாரூர் பக்கம்:
அண்ணே, எங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அந்தக் காலத்து அட்டைத் தோட்டா. ஐப்பசி அடைமழையில் கூடு ஈரம் குடித்து உப்பிவிடும், அறைக்குள் பாதி போய் நின்றுகொள்ளும். அதனால் கார்த்திகை முடியும்வரை பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு பூசி, பரண்மேல் வைத்துவிடுவார். இப்போதைய பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும் மருந்தையும் ஈரம் கெடுக்குமா?

அரிசிலாறு, கும்பகோணம்:
வாய் நன்றாக மடித்த பிளாஸ்டிக் தோட்டா அவ்வளவு சீக்கிரம் கெடாது தம்பி. நிரப்பும் மெஷினின் புட்டியில் மருந்தை விட்டுவைப்பதுதான் தப்பு. ஈரமும் ஏறும், நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தென்றால் புட்டியின் பிளாஸ்டிக்கையே அரித்துப் பழுப்பாக்கிவிடும். வேலை முடிந்ததும் அதே டப்பாவில் திரும்பக் கொட்டி மூட வேண்டும். மூடியைத் திறந்ததும் காரமான புளிச்ச நெடி அடித்தாலோ, செம்பழுப்புத் தூள் தெரிந்தாலோ அந்த மருந்தைத் தொடவே கூடாது. உங்கள் தாத்தா செய்தது சரியான வேலை.

பெரிய கோயில், தஞ்சாவூர்:
நான் நிரப்புவதில்லை, கம்பெனித் தோட்டாதான். சர்வதேசப் போட்டி விதிப்படி ஈயம் 24 கிராமுக்கு மேல் போகக்கூடாது. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பிறகு இந்தப் பக்கத்துப் பையன்கள் நிறைய விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: சீரான மருந்துதான் முக்கியம், வேகம் அப்புறம். ஒருமுறை வாங்கிய பெட்டியில் ஒரு தோட்டா தோளில் இடித்தது, அடுத்தது தட்டினாற்போல் இருந்தது. தட்டு ஒவ்வொன்றும் ஒரே வேகத்தில் பறக்கும்போது ரவை மட்டும் முன்னும் பின்னுமாகப் போனால் எவ்வளவு முன்னால் குறி வைப்பது என்று கை பழகாது. அப்போதிருந்து பெரிய காகிதத்தில் சுட்டு ரவை எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவிட்டு, பெட்டியில் அச்சடித்த லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு, போட்டிக்கு வேண்டியதை அதே லாட்டில் மொத்தமாக வாங்கிவிடுகிறேன்.