பெட்ரோல் இலை ஊதும் மெஷினில் காற்று குறையுதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சுழல்காற்று:
இன்னும் மனசில் உறுத்தும் ஒரு மெஷின். முழு த்ராட்டிலில் சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறுது, குழாய் முனையில் காற்று பாதிதான். கை வைத்தவர்கள் எல்லாரும் கார்புரேட்டரைத்தான் பிரித்தார்கள். கோளாறு விசிறி காற்றிழுக்கும் பக்கத்து வலையில். ஈர இலை அப்பிக் காய்ந்து, அதன் மேல் புல் துணுக்கு அடை அடையாகப் படிந்திருந்தது. இழுக்கக் காற்று இல்லாவிட்டால் விசிறிக்குச் சுமை குறையும், அதனால்தான் ஆர்பிஎம் (சுழலும் வேகம்) ஏறுது. வலையைத் தேய்த்துக் கழுவியதும் சத்தம் தணிந்து காற்று திரும்பியது. சத்தம் ஏறிக் காற்று குறைந்தால் விசிறிப் பக்கம், சத்தமே இறங்கினால் இன்ஜின் பக்கம். முதலில் காதால் கேளுங்க.

ஸ்பேனர்பெட்டி:
சத்தம் இறங்கும் கேஸ் என்னுடையது. ஐட்லிங் அருமை, பாதி த்ராட்டில் வரை குறையில்லை, முழுசா அழுத்தினால் மூச்சு முட்டும். சைலன்சர் வாயில் தீப்பொறி தடுக்கும் சின்னக் கம்பி வலை இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவுகூட ஒளி வரலை, அவ்வளவு கரி. டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி, ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தட்டினால் போதும். வலை இல்லாமல் மட்டும் ஓட்டாதீங்க, எதிரே கிடப்பது காய்ந்த சருகு. சைலன்சர் கழன்றிருக்கும்போதே போர்ட் (இன்ஜினில் புகை வெளியேறும் துளை) வழியே பிஸ்டனைப் பாருங்க. நெடுக்குக் கோடு ஆழமா விழுந்திருந்தால் எந்த ட்யூனிங்கும் உதவாது.

கார்ப்கை:
ஸ்பேனர்பெட்டி, வலை ஒன்றே காரணம் என்று முடிக்க வேண்டாம். பெட்ரோல் பற்றாக்குறையிலும் இதே மூச்சு முட்டல்தான். டேங்க் மூடியைச் சற்றே தளர்த்துங்கள். பிக்கப் திரும்பினால் வென்ட் (டேங்குக்குள் காற்று போகும் துளை) அடைத்திருக்கிறது. திரும்பாவிட்டால் ஓடும்போதே சோக்கை (கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். சத்தம் நிமிர்ந்தால் பெட்ரோல் போதவில்லை: டேங்குக்குள் ஹோஸ் நுனியில் தொங்கும் ஃபில்டர், வெடித்த ஹோஸ், கார்புரேட்டருக்குள் விறைத்துப்போன டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு), இந்த வரிசையில் தேடுங்கள். டயாஃப்ரம் விரலில் துணிபோல் மடங்க வேண்டும். தகடுபோல் சடசடத்தால் மாற்றுங்கள்.

இவை சரியான பிறகே 'எச்' ஸ்க்ரூவில் (முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவை மாற்றும் கார்புரேட்டர் ஸ்க்ரூ) கை வைக்கவும். இன்ஜின் சூடாக, ஏர் ஃபில்டர் சுத்தமாக, குழாய் முழுதும் மாட்டியிருக்க வேண்டும். குழாய் இல்லாமல் வைத்த ட்யூனிங் மாட்டியதும் மாறிவிடும். வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும். உச்ச ஆர்பிஎம் வந்த இடத்திலிருந்து இடப்பக்கம் சுமார் எட்டில் ஒரு பங்கு சுற்று திறந்து, சத்தம் சற்றே கரகரக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கூடுதல் வேகம் கிடைக்குமென்று அந்த உச்சத்திலேயே விடுவதுதான் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடிக்க முதல் காரணம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது; பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்.

ஸ்பேனர்பெட்டி:
சோக் சோதனையை ஒத்துக்கிறேன். அதே சோதனையில் இன்ஜின் இன்னும் திணறினால் ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் பாருங்க. நான் சொன்ன மெஷின் அப்படித்தான் திணறியது.

ஆயில்அளவு:
நான் பார்த்த மெஷினில் சைலன்சர் வலை சுத்தம் பண்ணின கொஞ்ச நாளிலேயே மறுபடி அடைத்தது. காரணம் கண்மதிப்பில் ஊற்றின ஆயில். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பெட்ரோலுக்கு ஆயில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 40:1 என்றால் 25 மி.லி. கையேட்டில் போட்டிருக்கும் விகிதம்தான் கணக்கு. "கூட ஊற்றினால் பாதுகாப்பு" என்பது தவறு. கரி கூடும், பிளக் நனையும், ஆயில் இடத்தைப் பிடிப்பதால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) போகும் பெட்ரோலும் குறையும். கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ரப்பரையும் கெடுக்கும். நீண்ட நாள் வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டி விடுங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ. நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் உடனே நிறுத்தி, கார்ப்கை சொன்ன வரிசையில் தேடுங்கள். கருப்பாக ஈரமாக இருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஸ்பாஞ்ச் வகையைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டவும்.

சுழல்காற்று:
இன்னொன்று. வேகம் வேண்டுமென்று முனையில் குறுகலான குழாய் செருகுகிறார்கள். நுனியில் வேகம் கொஞ்சம் கூடலாம், வரும் காற்றின் அளவு குறையும், குவியல் நகராது. தட்டை முனை தரையோடு ஒட்டிய ஈர இலைக்கு. காய்ந்த சருகுக் குவியலுக்கு வட்ட முனைதான்.